ஆட்டிசம்: திரை காட்டும் மேதையும் வீட்டில் வளரும் பிள்ளையும்

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு நடக்கும் ஒரு வீடு. வரவேற்பறை நிறைய உறவினர்கள். ஒரு பக்கம் தொலைக்காட்சி, ஒரு பக்கம் பிள்ளைகளின் கூச்சல், வாசலில் பட்டாசுச் சத்தம். ஆறு வயதுப் பையன் ஒருவன் மட்டும் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, அறை மூலையில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறான்.

"பையனுக்கு ஆட்டிசம்னு டாக்டர் சொல்லிட்டாங்க அண்ணி," என்கிறாள் தாய், மெல்லிய குரலில்.

"அப்படியா? அப்படின்னா கணக்குல கெட்டிக்காரனா இருப்பானே! படத்துல பார்த்தோமே," என்கிறார் அண்ணி.

பக்கத்தில் இருந்த சித்தி குறுக்கிடுகிறார்: "ஆட்டிசம்னா பேசவே மாட்டாங்கன்னு சொல்வாங்க. இவன்தான் நல்லாப் பேசுறானே. டாக்டருக்கு என்ன தெரியும்?"

இருவருமே அந்தத் தாய்க்கு ஆறுதலாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் சொன்ன இரண்டு கருத்துகளும் மருத்துவரிடமிருந்தோ ஆசிரியரிடமிருந்தோ வந்தவை அல்ல. திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் கதைப் புத்தகமும் கற்றுக்கொடுத்தவை. நம்மில் பலர் ஆட்டிசம் உள்ள ஒருவரை நேரில் பார்ப்பதற்கு முன்பே திரையில் பார்த்துவிடுகிறோம். முதலில் பார்த்த அந்த உருவம் மனத்தில் பதிந்துவிடுகிறது. பிறகு நேரில் வரும் பிள்ளையை அதனோடு ஒப்பிட்டு அளக்கிறோம். அந்த அளவுகோல் சரியானதுதானா?

ஆட்டிசம் என்றால் என்ன?

'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது ஆட்டிசம் என்ற சொல். தமிழில் இதை மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். 1943ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் லியோ கேனர், எட்டுச் சிறுவர்கள், மூன்று சிறுமிகள் என 11 பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது அதன் பிறகுதான். அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற மருத்துவர் இதையொத்த பிள்ளைகளைப் பற்றி எழுதினார்.

ஆட்டிசம் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. மூளை வளர்ச்சியிலேயே அமைந்துவிட்ட ஒரு வேறுபாடு. பிறரோடு பேசிப் பழகுவதில் சிரமம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, வழக்கம் மாறினால் தாங்க முடியாத பதற்றம், ஒலி, ஒளி, வாசனை, தொடுகை ஆகியவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது ஆகியவை இதன் பொதுவான அடையாளங்கள். ஆனால் ஒருவரைப் போல் இன்னொருவர் இருப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லும் பேசாதவரும் உண்டு. ஓயாமல் பேசுபவரும் உண்டு. சிலருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருக்கும். சிலர் பட்டம் பெற்று வேலைக்குப் போகிறார்கள். உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக 2021ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

அப்படியானால் நம் அடுக்குமாடி வீடுகளிலும், தாமான்களிலும், கோயில் வரிசையிலும், வகுப்பறையிலும் இவர்கள் இருக்கிறார்கள். திரையில் வருபவர்களோ பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

ஒரு படம் போட்ட பாதை

அந்த அச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் கை காட்டுவது 1988ஆம் ஆண்டு வெளிவந்த 'ரெயின் மேன்' என்ற ஹாலிவுட் படத்தைத்தான். டஸ்டின் ஹாஃப்மன் ஆட்டிசம் உள்ள ரேமண்ட் என்ற அண்ணனாகவும், டாம் குரூஸ் தம்பியாகவும் நடித்தனர். சிறந்த படம், சிறந்த நடிகர் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளை அது வென்றது. தரையில் கொட்டிய பற்குச்சிகளின் எண்ணிக்கையை ஒரு பார்வையில் சொல்வது, சூதாட்டக் கூடத்தில் சீட்டுகளை நினைவில் வைத்துப் பணம் குவிப்பது போன்ற காட்சிகளை உலகமே பேசியது.

அந்தப் படம் செய்த நன்மையை மறுக்க முடியாது. ஆட்டிசம் என்ற சொல்லையே கேட்டறியாத கோடிக்கணக்கான மக்களுக்கு அது அறிமுகம் செய்து வைத்தது. ஹாஃப்மன் ஆட்டிசம் உள்ளவர்களைச் சந்தித்து, அவர்களுடைய பேச்சையும் நடையையும் கவனித்து நடித்தார்.

ஆனால் ரேமண்ட் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் ஆட்டிசம் உள்ளவரே அல்லர். ஆயிரக்கணக்கான புத்தகங்களை மனப்பாடமாக வைத்திருந்த அவருக்கு, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றை பிறவியிலேயே இல்லை. அவரைச் சந்தித்து வியந்த திரைக்கதையாசிரியர் பேரி மாரோ கதையை எழுதினார். படம் உருவாகும்போதுதான் அந்தப் பாத்திரம் ஆட்டிசம் உள்ளவராக மாற்றப்பட்டது. ஒருவருடைய அபூர்வ நினைவாற்றலும் இன்னொரு நிலையின் அடையாளங்களும் இப்படி ஒரே பாத்திரத்தில் சேர்ந்துவிட்டன.

ஆட்டிசம் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு தனித்திறன் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதிலும் பெரும்பகுதி, தேதிகளையோ பேருந்து எண்களையோ நினைவில் வைத்திருப்பது போன்ற எளிய திறன்களே. மீதி ஒன்பது பேரின் கதை?

படத்தின் முடிவையும் கவனிக்க வேண்டும். அண்ணனோடு பயணம் செய்த சுயநலக்காரத் தம்பி மனம் திருந்துகிறான். அண்ணனோ பழையபடி காப்பகத்துக்கே திரும்பிப் போகிறார். அதாவது, ஆட்டிசம் உள்ளவர் கதைக்குள் வருவது மற்றவரைத் திருத்துவதற்காக. வேலை முடிந்ததும் அவர் வீடு திரும்புவதில்லை. இந்த அமைப்பைப் பிற்காலத்தில் எத்தனையோ படங்கள் பின்பற்றின.

மருத்துவர், வழக்கறிஞர், விஞ்ஞானி

சின்னத்திரைக்கு வந்தால், மேதைகளின் வரிசை இன்னும் நீளமானது. 2013ஆம் ஆண்டு கொரியாவில் ஒளியேறிய 'குட் டாக்டர்' தொடரில் ஆட்டிசம் உள்ள இளைஞர் அபாரத் திறமை கொண்ட மருத்துவர். அதைத் தழுவி 2017 முதல் 2024 வரை ஓடிய அமெரிக்கத் தொடரிலும் அப்படியே. 2007 முதல் 2019 வரை ஓடிய 'தி பிக் பேங் தியரி' நகைச்சுவைத் தொடரின் ஷெல்டன் ஒரு விஞ்ஞானி. அவரை ஆட்டிசம் உள்ளவராக எழுதவில்லை என்று படைப்பாளிகள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ரசிகர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். பெயர் வைக்காததில் படைப்பாளிகளுக்கு ஒரு வசதி உண்டு. அந்த அடையாளங்களைக் காட்டிச் சிரிக்க வைக்கலாம். சரியாகக் காட்டவில்லையே என்று யாரும் பொறுப்புக் கேட்க முடியாது.

2022ஆம் ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் வழியாக நம் வீடுகளுக்கும் வந்த கொரியத் தொடர் 'எக்ஸ்ட்ராடினரி அட்டர்னி வூ'. பார்க் யுன்-பின் நடித்த வழக்கறிஞர் வூ, படித்த சட்டப் புத்தகங்களை ஒரு வரி விடாமல் நினைவில் வைத்திருப்பவர். திமிங்கிலம் என்றால் அவருக்கு உயிர். தொடர் பெரும் வெற்றி பெற்றது. அதே நேரத்தில், தங்கள் பிள்ளைகளின் வாழ்க்கைக்கும் இந்தக் கதைக்கும் வெகு தூரம் என்று கொரியப் பெற்றோர் சிலர் மனம் விட்டுச் சொன்னார்கள்.

அந்தத் தொடருக்கே இந்தக் குறை தெரிந்திருந்தது என்பதுதான் சுவையான செய்தி. மூன்றாவது அத்தியாயத்தில், அதிகம் பேச முடியாத, ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞர் வழக்கில் சிக்குகிறார். வழக்கறிஞர் வூவும் அவரும் ஒரே பெயரால் குறிக்கப்படுகிறவர்கள். இருந்தும் உலகம் ஒருவரை வியந்து பார்க்கிறது. மற்றவரைக் கண்டு அஞ்சுகிறது. 'வாழத் தகுதியுள்ள பிள்ளை, தகுதியற்ற பிள்ளை' என்று பிரித்த நாஜி ஆட்சிக் காலத்தையும், அதில் ஆஸ்பெர்கருக்கு இருந்த பங்கையும் அந்த அத்தியாயம் நினைவூட்டுகிறது. இது கற்பனையல்ல. ஊனமுற்ற பிள்ளைகள் கொல்லப்பட்ட இடத்துக்குச் சில பிள்ளைகளை அனுப்பியதில் ஆஸ்பெர்கருக்குப் பங்கு இருந்ததை, 2018ஆம் ஆண்டு வெளியான வரலாற்று ஆய்வு ஆவணங்களுடன் எடுத்துக்காட்டியது. திறமையைக் காட்டினால்தான் ஒரு பிள்ளைக்கு மதிப்பு என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

சிங்கப்பூர் பார்த்த ஓவியர்

மேதைகளே கிடையாது என்பதல்ல செய்தி. 2014ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓவியர் ஸ்டீவன் வில்ட்ஷர் சிங்கப்பூருக்கு வந்தார். ஹெலிகாப்டரில் சிறிது நேரம் நகரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பாராகான் கடைத்தொகுதியில் மக்கள் முன்னிலையில், நினைவிலிருந்தே நான்கு மீட்டர் நீளத்துக்கு நகரத்தை ஐந்து நாட்களில் வரைந்து முடித்தார். கூட்டம் கூட்டமாக மக்கள் வந்து பார்த்தார்கள்.

அந்தத் திறமை உண்மை. ஆனால் அவருடைய இளமைக் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஐந்து வயது வரை அவர் பேசவில்லை. லண்டனில் அவர் படித்த சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள், அவர் வாய் திறந்து கேட்க வேண்டும் என்பதற்காக வரைபொருட்களைச் சிறிது காலம் எடுத்து வைத்தார்கள். அவர் சொன்ன முதல் சொல் 'பேப்பர்'. நகரத்தை வரைந்த கை எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு சொல்லுக்காகப் பொறுமையோடு காத்திருந்த ஆசிரியர்களை எத்தனை பேருக்குத் தெரியும்?

தாயைக் குற்றவாளியாக்கிய புத்தகம்

புத்தகங்கள் இழைத்த தீங்கு இன்னும் பழையது. 1967ஆம் ஆண்டு புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 'தி எம்ப்டி ஃபோர்ட்ரெஸ்' என்ற நூலை வெளியிட்டார். பாசம் காட்டாத தாயால்தான் பிள்ளை உள்ளுக்குள் ஒடுங்கிப் போகிறது என்பது அதன் வாதம். 'ஐஸ்பெட்டித் தாய்' என்ற கொடுமையான பட்டப்பெயர் அந்தக் காலத்தில் புழங்கியது. ஏற்கெனவே உறங்காமல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த தாய்மார்கள் குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமந்தார்கள்.

அதற்கு மறுப்புச் சொன்னவர்கள் பெற்றோர்களே. ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், இது உடல் சார்ந்த காரணத்தால் வருவது, வளர்ப்பினால் அல்ல என்று 1964ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியிருந்தார். பெட்டல்ஹைமின் புத்தகம் வந்த அதே 1967இல், கிளாரா கிளைபோர்ன் பார்க் என்ற தாய் தம் மகளை வளர்த்த கதையை 'தி சீஜ்' என்ற பெயரில் எழுதினார். அதில் அற்புதங்கள் இல்லை. ஒரு கோப்பையைக் கையில் எடுக்க வைப்பதற்கு எத்தனை நாள், ஒரு சொல்லுக்கு எத்தனை மாதம் என்ற கணக்கு இருக்கிறது. அந்த மகள் வளர்ந்து ஒரு கல்லூரியின் அஞ்சல் அறையில் வேலை பார்த்தார். ஓவியராகவும் பெயர் பெற்றார்.

பெட்டல்ஹைமின் கருத்தை மருத்துவ உலகம் எப்போதோ ஒதுக்கிவிட்டது. ஆனால் நம் வீடுகளில் அது வேறு வேடத்தில் உலவுகிறது. "தாய் வேலைக்குப் போனதால்தான்", "பிள்ளையைத் தொலைக்காட்சி முன் உட்கார வைத்ததால்தான்", "முன் ஜென்ம வினை" என்று ஏதேனும் ஒரு வடிவில் பழி தாயின் தலையில்தான் விடிகிறது.

நாவலும் தன்வரலாறும்

2003ஆம் ஆண்டு வெளிவந்து உலகெங்கும் விற்பனையான மார்க் ஹேடனின் 'தி கியூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்' நாவலில், 15 வயதுச் சிறுவன் கிறிஸ்டஃபர் தானே கதை சொல்கிறான். வெளியிலிருந்து பரிதாபப்படாமல், அவன் கண் வழியாகவே வாசகரை உலகைப் பார்க்க வைத்தது அந்த நாவல். அவனும் கணக்கில் வல்லவன்தான். நாவலுக்குள் எந்த இடத்திலும் அவனுக்கு இன்ன நிலை என்று பெயர் சொல்லப்படவில்லை. ஆஸ்பெர்கர் என்ற சொல்லைப் புத்தக அட்டைதான் சுமந்து வந்தது. இந்த நிலையைப் பற்றித் தாம் பெரிதாக ஆராய்ந்து எழுதவில்லை என்று ஹேடனே பிறகு சொன்னார். ஆனால் அதற்குள் பல ஆசிரியர்களும் மாணவர்களும் அதை ஒரு பாடநூலைப் போல் படிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆட்டிசம் உள்ளவர் தம் கதையைத் தாமே எழுதினால்? 1986ஆம் ஆண்டு டெம்பிள் கிராண்டின் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். ஆட்டிசம் உள்ள ஒருவர் தம் மனத்தைத் தாமே விளக்கி எழுத முடியும் என்பதே அன்று பலருக்கு நம்ப முடியாத செய்தியாக இருந்தது. கால்நடைப் பண்ணைகளில், மாடுகள் மிரளாமல் நடந்து செல்லும் பாதைகளை வடிவமைத்துப் புகழ் பெற்றவர் அவர். 2010ஆம் ஆண்டு அவர் வாழ்க்கை தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. அணைத்தால் உடல் கூசும், ஆனால் அணைப்பின் அமைதி வேண்டும் என்ற தவிப்பை அவர் விளக்கியபோது, "என் பிள்ளை என்னை வெறுக்கவில்லை" என்று புரிந்துகொண்ட பெற்றோர் பலர். எத்தனை திறமையான நடிகரும் வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது.

இந்தியப் படமும் மலேசியப் படமும்

இந்தியத் திரையுலகில் 2010இல் வந்த 'மை நேம் இஸ் கான்' ஆஸ்பெர்கர் நிலை உள்ள நாயகனாக ஷாருக் கானைக் காட்டியது. உரத்த ஓசைக்கும் மஞ்சள் நிறத்துக்கும் அவர் அஞ்சுவார். எந்த இயந்திரத்தையும் பழுது பார்த்துவிடுவார். 2012இல் 'பர்ஃபி'யில் பிரியங்கா சோப்ரா ஆட்டிசம் உள்ள பெண்ணாக நடித்தார். ஆட்டிசம் உள்ள பெண்ணுக்கும் காதல் உண்டு என்று காட்டியது அதன் சிறப்பு.

தமிழில் 2013ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹரிதாஸ்' குறிப்பிட வேண்டிய படம். ஜி.என்.ஆர். குமரவேலன் இயக்கத்தில் கிஷோர் காவல்துறை அதிகாரியான தந்தையாகவும், சினேகா ஆசிரியையாகவும் நடித்தனர். மகன் கணக்குப் புலி அல்ல. அவன் எதைப் பார்க்கிறான், எதற்கு ஓடுகிறான் என்று தந்தை நின்று கவனிக்கத் தொடங்குவதுதான் கதையின் திருப்பம். பிள்ளையைத் தன் உலகுக்கு இழுக்காமல், பிள்ளையின் உலகுக்குள் தந்தை போகிறார்.

2011இல் வந்த 'தெய்வத்திருமகள்' படத்தில் விக்ரம் ஏற்ற வேடத்தையும் ஆட்டிசம் என்றே பலர் சொல்கிறார்கள். அது அறிவு வளர்ச்சிக் குறைபாடு. இரண்டும் வேறு வேறு. இந்தக் குழப்பம் வீட்டிலும் பள்ளியிலும் தொடரும்போது, பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சரியான பயிற்சி தள்ளிப் போகிறது.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டு துங்கு மோனா ரிசா இயக்கிய 'ரெடா' என்ற மலாய்ப் படம் வந்தது. நாட்டின் சார்பில் ஆஸ்கர் போட்டிக்கும் அனுப்பப்பட்டது. தம் ஒரே மகனுக்கு ஆட்டிசம் என்பதை ஒப்புக்கொள்ளத் தந்தை மறுக்கிறார். உறவுகள் கேட்கும் கேள்விகள், கணவன் மனைவிக்குள் எழும் விரிசல், வெளியில் பிள்ளை கூச்சலிடும்போது சுற்றியிருப்பவர்கள் பார்க்கும் பார்வை என எல்லாமே நம் வீட்டுக் காட்சிகள்தாம். 'ரெடா' என்றால் மலாயில் மனதார ஏற்றுக்கொள்வது. படம் தந்த பாடமும் அதுவே.

விளையாட்டை மாற்றிய நண்பர்கள்

குறையே இல்லாத சித்திரிப்பு என்று ஒன்றைக் காட்டுவது கடினம். ஆனால் நல்ல முயற்சி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சிறுவர் நிகழ்ச்சியைச் சொல்லலாம். 2017ஆம் ஆண்டு 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சிக்கு ஜூலியா என்ற பொம்மைச் சிறுமி வந்தாள். பெரிய மஞ்சள் பறவையான பிக் பர்ட் வணக்கம் சொல்கிறது. ஜூலியா திரும்பியே பார்க்கவில்லை. 'இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ' என்று அது வருந்துகிறது. அவளுக்கு ஆட்டிசம், பதில் சொல்லச் சற்று நேரமாகும் என்று மற்றவர்கள் விளக்குகிறார்கள். ஓடிப்பிடித்து விளையாடும்போது ஜூலியா மகிழ்ச்சியில் குதிக்கிறாள். உடனே மற்ற பிள்ளைகளும் அவளைப் போலவே குதித்துக் குதித்து ஓடுகிறார்கள். அது ஒரு புது விளையாட்டாகிவிடுகிறது. வாகனச் சங்கொலி கேட்டு அவள் காதைப் பொத்திக்கொள்ளும்போது, அவளை அமைதியான இடத்துக்கு அழைத்துச் செல்கிறார்கள்.

ஜூலியா எந்தச் சாதனையும் செய்யவில்லை. யாரையும் திருத்தவுமில்லை. அவள் விளையாட வந்தாள், விளையாடினாள். அவளுக்காக விளையாட்டின் விதிதான் கொஞ்சம் மாறியது. அந்தப் பொம்மையை இயக்கிய ஸ்டேசி கோர்டன், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தாய்.

அண்மைக் காலத்தில் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களே எழுதுகிறார்கள், நடிக்கிறார்கள். எல் மெக்நிக்கல் என்ற எழுத்தாளர் 2020இல் எழுதிய 'எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்' என்ற சிறுவர் நாவல், 2023இல் தொலைக்காட்சித் தொடரானபோது நாயகிக்கு ஆட்டிசம் உள்ள சிறுமியே நடித்தார். சிறுமிகளின் கதை திரைக்கு வருவது முக்கியம். திரையில் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே பார்த்துப் பழகிய கண்களுக்கு, வகுப்பில் அமைதியாக உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்து நடந்துகொள்ளும் பெண் பிள்ளையின் சிரமம் தெரிவதில்லை. 'கூச்ச சுபாவம்' என்று ஒதுக்கிவிடுகிறோம்.

படமாகாத ஒரு வாழ்க்கை

1943இல் கேனர் எழுதிய 11 பிள்ளைகளில் முதலாவது பிள்ளை என்ன ஆனார்? அவர் பெயர் டொனால்ட் டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். மருத்துவர்களின் யோசனைப்படி சிறு வயதில் காப்பகத்தில் விடப்பட்டார். ஓராண்டு கழித்துப் பெற்றோர் அவரை வீட்டுக்கே திருப்பி அழைத்து வந்துவிட்டனர். டொனால்ட் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனார். குடும்பத்துக்குப் பங்கு இருந்த உள்ளூர் வங்கியில் வேலை செய்தார். கோல்ஃப் விளையாடினார். 27 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். தனியாகப் பல நாடுகளுக்குப் பயணம் போனார். 2023ஆம் ஆண்டு, 89 வயதில் காலமானார். வசதியுள்ள குடும்பம் என்பது உண்மை. அதோடு, ஊரார் அவரைத் தங்களில் ஒருவராக வைத்துக்கொண்டனர் என்பதும் உண்மை.

அவரைப் பற்றி அந்த ஊரில் ஒரு கதை உண்டு. பள்ளிக் கட்டடத்தில் எத்தனை செங்கல் என்று மாணவர்கள் கேட்டார்களாம். ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் எண்ணிக்கையைச் சொன்னாராம். ஊரே பல்லாண்டு அதைப் பேசி வியந்தது. முதுமையில் பத்திரிகையாளர்கள் இதைப் பற்றிக் கேட்டபோது, மனத்துக்குத் தோன்றிய ஓர் எண்ணைச் சும்மா சொன்னதாக அவர் ஒப்புக்கொண்டார். ஏன்? அந்தப் பையன்கள் தன்னை உயர்வாக நினைக்க வேண்டும் என்பதற்காக.

மேதையாக இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்பது அந்தச் சிறுவனுக்கு 'ரெயின் மேன்' வருவதற்கு வெகு காலம் முன்பே புரிந்திருக்கிறது. திரை அந்த எதிர்பார்ப்பை உருவாக்கவில்லை. நம்மிடம் இருந்ததையே பெரிதாக்கிக் காட்டியது.

பார்க்கும்போது கேட்க வேண்டியவை

அடுத்த முறை ஒரு படத்திலோ தொடரிலோ புத்தகத்திலோ இத்தகைய பாத்திரம் வரும்போது சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தத் தனித்திறனை எடுத்துவிட்டால் பாத்திரத்தில் மனிதர் மிஞ்சுகிறாரா? கதை முடியும்போது அவருக்கு ஏதாவது கிடைக்கிறதா, அல்லது மற்றவர்கள்தாம் நல்லவர்களாகிறார்களா? அவருக்கு நண்பர், வேலை, ஆசை, கோபம் உண்டா? ரசிகர்கள் சிரிப்பது அவரோடா, அவரைப் பார்த்தா? எழுதும்போதும் நடிக்கும்போதும் ஆட்டிசம் உள்ளவர் யாரையேனும் கேட்டார்களா?

நம் சொற்களையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். 'ஆட்டிசம் நோயாளி', 'மூளை வளர்ச்சி குன்றியவன்' என்று சொல்வதை விட்டு, 'ஆட்டிசம் உள்ள பிள்ளை' என்று சொல்வதில் ஒன்றும் குறைந்துவிடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் பேச்சிலோ பழக்கத்திலோ ஐயம் இருந்தால், திரையில் பார்த்ததோடு ஒப்பிட்டு 'இவன் அப்படி இல்லையே' என்று காலத்தைக் கடத்தக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். இளமையிலேயே தொடங்கும் பயிற்சி பிள்ளைக்குப் பெரிய துணை. மலேசியாவில் தேசிய ஆட்டிசம் சங்கம், சிங்கப்பூரில் ஆட்டிசம் வள நிலையம், 2004இல் தொடங்கிய பாத்லைட் பள்ளி போன்ற அமைப்புகள் இருக்கின்றன.

அந்தத் தீபாவளி வீட்டில், மூலையில் காதைப் பொத்திக்கொண்டிருக்கும் பையன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவன் கணக்கில் புலியா என்பது இப்போது தேவையில்லை. தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கலாம். ஓர் அமைதியான அறையைத் திறந்துவிடலாம். பிறகு அந்தத் தாயிடம் கேட்கலாம்: "பையனுக்கு என்ன பிடிக்கும்?"

அவள் பதில் சொல்லத் தயாராகத்தான் இருப்பாள். அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.